60 ஹேர்ட்ஸ் இயந்திரம், 50 ஹேர்ட்ஸ் ஊர்: யாழ்ப்பாணத்து வாட்டு ஒன்றிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

“தம்பி, உந்த ஒட்சிசன் மெசினை ஒருக்கா வந்து பாருங்கோ. மஞ்சள் லைற் எரிஞ்சுகொண்டே இருக்குது. குறைச்சு வைச்சால் பச்சைக்கு வருது, கூட்டினால் திரும்ப மஞ்சள்.”

யாழ்ப்பாண மாவட்டத்தில் ஓர் ஆதார வைத்தியசாலை. மருத்துவ வாட்டின் பொறுப்புத் தாதி, நாங்கள் எல்லோரும் சிஸ்ரர் என்று கூப்பிடுபவர், காலைச் சுற்று முடிந்த கையோடு தொலைபேசியில் சொன்னது இது. மருத்துவக் கருவிகளைப் பார்க்கும் தொழில்நுட்பவியலாளனாக நான் அங்கே சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. வடிகட்டியில் தூசி அடைத்திருக்கும், கழுவி மாட்டினால் சரி என்று நினைத்து ஒரு பிரஷும் துணியும் எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த மஞ்சள் வெளிச்சத்தின் காரணத்தைத் தேடப் போய்க் கண்டவற்றை முழுவதாக எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். வைத்தியசாலையின் பெயரை எழுதப்போவதில்லை. இதே பெட்டி இதே வழியில் வேறு எந்த வாட்டுக்கும் வந்திருக்கலாம்.

வாட்டில் கண்டது

வடிகட்டி சுத்தமாக இருந்தது. வாட்டில் வேலை செய்யும் அக்கா ஒருவர் கிழமைக்கு ஒரு தடவை அதைக் கழற்றிக் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டி வந்திருக்கிறார். யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. பெட்டியில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துச் செய்ததாகச் சொன்னார். ஆகவே என் முதல் ஊகம் பிழை.

அடுத்துக் காதைக் கொடுத்தேன். இந்த இயந்திரங்களுக்கு ஒரு தாளம் உண்டு: அமுக்கியின் இரைச்சல், சில விநாடிக்கு ஒரு தடவை காற்றை வெளியே விடும் ‘புஸ்’. இதில் இரைச்சல் கனமாக, களைத்த மாதிரி இருந்தது. பின்பக்கத்தில் கை வைத்தேன். வைத்திருக்க முடியாத சூடு. வயரைப் பிடித்துக்கொண்டே போனால், பிளக்கில் இரண்டு தட்டை ஊசி, கீழே ஓர் உருண்டை ஊசி. கனடாப் பிளக். அது சுவரில் இல்லை, தரையில் இருந்த ஓர் இரும்புப் பெட்டியில் செருகியிருந்தது. உள்ளூரில் சுற்றிய ட்ரான்ஸ்போமர், 230 வோல்ற்றை 115 ஆக்குவது. இயந்திரத்தைத் திருப்பி அதன் விபரத் தகட்டைப் பார்த்தேன்: 115 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். ஹேர்ட்ஸ் என்பது மின்னோட்டம் விநாடிக்கு எத்தனை தடவை அலைந்து வருகிறது என்ற கணக்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ்.

ஒட்சிசன் செறிவாக்கி வேலை செய்யும் விதத்தைச் சொன்னால்தான் இதன் கனம் விளங்கும். காற்றில் 78 வீதம் நைதரசன், 21 வீதம் ஒட்சிசன். அமுக்கி அந்தக் காற்றை அழுத்தி, சியோலைற் என்ற மணிகள் நிரம்பிய இரண்டு உருளைகளுக்குள் மாறி மாறித் தள்ளும். அழுத்தம் கூடும்போது சியோலைற் நைதரசனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒட்சிசன் தாண்டிப் போய்விடும். பிறகு அழுத்தத்தை விடுவித்தால் பிடித்த நைதரசன் வெளியேறும். அந்த ‘புஸ்’ இதுதான். ஒழுங்காக ஓடினால் வெளியே வருவது ஏறக்குறைய 93 வீத ஒட்சிசன். அது 82 வீதத்துக்குக் கீழே இறங்கினால் இயந்திரம் எச்சரிக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் தொழில்நுட்ப விபரக்குறிப்பு.

எல்லாம் அமுக்கி எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்பதில் தங்கியிருக்கிறது. அந்த மோட்டரின் வேகத்தை நிர்ணயிப்பது வோல்ற் இல்லை, ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் வோல்ற்றை மாற்றும், ஹேர்ட்ஸைத் தொடாது. 60இல் ஓட வேண்டியது 50இல் ஓடினால் வேகத்தில் 6இல் ஒரு பங்கு போய்விடும். உள்ளே போகும் காற்றும் அதற்கேற்பக் குறையும். உருளைகளை மாற்றும் வால்வோ மின்னணுக் கடிகாரத்தின்படி பழைய நேரத்துக்கே மாறும். அழுத்தம் ஏறி முடிய முன்னரே முறை மாறிவிடும். மறுபக்கம், 60க்குக் கணக்கிட்ட மோட்டரில் அதே வோல்ற்றை 50இல் கொடுத்தால் சுருள் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். அந்தக் கூடுதல் மின்னோட்டம் வேலையாக மாறாது, சூடாக மாறும். இந்த இயந்திரத்தில் குளிர்விக்கும் விசிறியும் அதே மின்சாரத்தில் ஓடியதால் அதுவும் மெதுவாகச் சுற்றியது.

இவ்வளவும் ஊகம். அளந்தால்தான் தெரியும். ஒட்சிசன் வீதத்தை அளக்கும் கையடக்கக் கருவி எங்களிடம் இருக்கவில்லை. இன்னொரு இடத்தில் இரவல் வாங்கி, மறுநாள் குழாயின் வாயில் பிடித்தேன். நிமிடத்துக்கு 2 லீற்றரில் 90 வீதத்துக்கு மேல் நின்றது. 3க்கு ஏற்றியதும் இறங்கத் தொடங்கியது. 5 லீற்றரில் 82க்குக் கீழே போய், மஞ்சள் வெளிச்சம் வந்தது. அரை மணித்தியாலம் ஓடிச் சூடேறிய பிறகு இன்னும் மோசம்.

இந்த இடத்தில்தான் சிஸ்ரர் சொன்ன வாசகம் எனக்கு உறைத்தது. குறைச்சு வைச்சால் பச்சைக்கு வருது. வாட்டு தன் அனுபவத்தில் ஒரு வழியைக் கண்டுபிடித்திருந்தது: மஞ்சள் எரிந்தால் ஓட்டத்தைக் குறை, பச்சை வரும். பச்சை என்றால் எல்லாம் சரி என்றுதான் யாரும் நினைப்பார்கள். கட்டில் சீட்டில் 5 லீற்றர் என்று வைத்தியர் எழுதியிருக்கிறார். நோயாளிக்குப் போவது 2. அன்றைக்கு அந்த இயந்திரத்தில் இருந்தது மூச்சு வாங்கும் ஓர் ஐயா. இரத்தத்தில் ஒட்சிசன் அளவைக் காட்ட விரலில் மாட்டியிருந்த மானியைப் பார்த்துவிட்டு, அவரைச் சிலிண்டருக்கு மாற்றச் சொன்னார் வைத்தியர். சிலிண்டர் வந்து குழாயை மாட்டும்வரை சிஸ்ரர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “எத்தினை நாள் தம்பி இப்பிடிக் குடுத்திருப்பம்?” என்று கேட்டார். எனக்கு மறுமொழி தெரியவில்லை. பதிவேடு ஒன்று இருந்திருந்தால் சொல்லியிருக்கலாம். அந்தக் கேள்வியை இன்றுவரை மறக்க முடியவில்லை.

பெட்டி வந்த வழி

2021இல் கொவிட்டின் டெல்டா அலை அடித்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒட்சிசன் என்ற சொல் வீட்டுக்கு வீடு பேசப்பட்டது. வெளிநாட்டில் இருக்கும் நம் உறவுகள் சும்மா இருக்கவில்லை. ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் காசு சேர்த்து, கிடைத்த இயந்திரத்தை வாங்கி, கிடைத்த கப்பலில் ஏற்றினார்கள். இங்கே சொல்லும் வகையில் 7 வந்திருந்தன. எல்லாம் புதியவை, நல்ல நிறுவனத் தயாரிப்பு, கனடாக் கடையில் கனடா வீடுகளுக்காக விற்றவை. அனுப்பியவர்கள் மேல் எனக்கு நன்றியைத் தவிர வேறொன்றும் இல்லை.

பெட்டி வந்தது, கையளிக்கப்பட்டது, படம் எடுக்கப்பட்டது, வாட்டுகளுக்குப் பிரிக்கப்பட்டது. பிளக் பொருந்தவில்லை என்றதும் ஓர் இலக்றீசியன் அண்ணையைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் தகட்டில் 115 என்று கண்டு ட்ரான்ஸ்போமர் சுற்றிக் கொடுத்தார். இயந்திரம் ஓடியது. நான் போய்க் கேட்டபோது, “ஓடுதோ எண்டு கேட்டினம், ஓட வைச்சுக் குடுத்தன் தம்பி” என்றார். முழுக்க உண்மை. அவரிடம் கேட்ட வேலையை அவர் திறமாகச் செய்திருந்தார்.

ஓட வைப்பதில் யாழ்ப்பாணத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. ஆண்டுக்கணக்கில் பொருளாதாரத் தடை. பற்றரிகூட வராது. அந்தக் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. படிப்புக்கு ஜாம் போத்தல் விளக்கு. வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சையும் பிள்ளைப் பேறும் நடந்துகொண்டுதான் இருந்தன. இருப்பதைக் கொண்டு ஒப்பேற்றும் அந்தக் கைப்பழக்கம் பெரிய சொத்து. எனக்கு முன்னிருந்தவர்களிடம் நான் கற்றதும் அதைத்தான்.

ஆனால் வானொலி கரகரத்தால் காதுக்குத் தெரியும். மோட்டார் சைக்கிள் இழுக்காவிட்டால் ஓட்டுபவருக்குத் தெரியும். ஒட்சிசன் 93 வீதமா 75 வீதமா என்று கண்ணாலோ மூக்காலோ அறிய வழியில்லை. மருத்துவக் கருவி ஓடுவது வேறு. நோயாளிக்கு வேண்டியதைச் சொன்ன அளவில் கொடுப்பது வேறு. இரண்டாவதை அளந்து, எழுதி, கையெழுத்து வைத்துப் பொறுப்பேற்க ஒருவர் தேவை. அதைவிட முக்கியம், பெட்டி கப்பலில் ஏற முன்னர், “அது எத்தனை ஹேர்ட்ஸ்?” என்று கேட்க ஒருவர் தேவை. அந்த இரண்டும் சேர்ந்த ஆளின் தொழில்தான் சுகாதாரத் தொழில்நுட்ப முகாமை. ஒரு கருவி வேண்டுமா என்று தீர்மானிப்பதிலிருந்து, விபரக்குறிப்பு எழுதி, வாங்கி, பொருத்தி, பயிற்சி கொடுத்து, பராமரித்து, கடைசியில் கழிப்பதுவரை அதன் முழு ஆயுளுக்கும் பொறுப்பு. நம் பக்கத்தில் இந்த ஆளை ‘மெசின் திருத்துற தம்பி’ என்றுதான் தெரியும். பழுதான பிறகு கூப்பிடுவார்கள். வாங்க முன்னர் கேட்பதில்லை.

மற்ற நாடுகளில் கண்டவை

நாங்கள் கண்டது புதுமை இல்லை. 16 நாடுகளின் வைத்தியசாலைப் பொருட்பதிவேடுகளை எடுத்து, 112,040 கருவிகளைக் கணக்கிட்டு 2011இல் வெளியான ஓர் ஆய்வு, வளம் குறைந்த இடங்களில் சராசரியாக 38.3 வீதமானவை வேலை செய்யாமல் கிடப்பதாகக் கண்டது. காரணங்களாக அது சொன்னவை பயிற்சியின்மை, முகாமைக் குறை, மின்சாரம் தண்ணீர் போன்ற அடிப்படை வசதிக் குறை. எங்கள் 7 இயந்திரங்களில் ஓடியவை அந்தக் கணக்கெடுப்பில் வந்திருந்தால் ‘வேலை செய்பவை’ என்ற பக்கத்தில்தான் போயிருக்கும். அதுதான் என்னைக் கலங்க வைக்கிறது. கிடப்பவற்றை எண்ணலாம், பிழையாக ஓடுபவற்றை யார் எண்ணுவது?

2007 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை, கருவிகளை மதிப்பிட, திட்டமிட, கொள்வனவு செய்ய, முகாமை செய்ய ஒவ்வொரு நாடும் உயிர்மருத்துவப் பொறியியலாளர்களோடு சேர்ந்து திட்டம் வகுக்க வேண்டும் என்று தீர்மானம் எடுத்தது. 2011இல் உலக சுகாதார அமைப்பு கருவி நன்கொடைக்குத் தனி வழிகாட்டியே வெளியிட்டது. கொடுப்பவரும் பெறுபவரும் முதலில் பேசிக்கொள்ள வேண்டும், பெறும் இடத்தின் மின்சாரத்துக்கும் சூழலுக்கும் கருவி பொருந்த வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அறிவு இல்லாமல் இல்லை. அதை எடுத்து, குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஒரு பெட்டியின்மேல் பிரயோகிக்க ஆள் இல்லை.

நம்பிக்கை தரும் இன்னொரு ஆய்வும் உண்டு. 11 நாடுகளில் 60 வைத்தியசாலைகளிலிருந்து வந்த பழுது வேண்டுகோள்களைப் பிரித்துப் பார்த்தவர்கள், 107 அடிப்படைத் திறன்கள் தெரிந்த ஒருவர், வெளிநாட்டு உதிரிப்பாகம் இல்லாமலே, நின்றுபோன கருவிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை மீட்கலாம் என்று கண்டார்கள். பியூஸ், பிளக், மின் வழங்கி, மோட்டர், குழாய் அடைப்பு, பாவிப்பவருக்குப் பயிற்சி போன்றவை. அந்தத் திறன்களை அடிப்படையாக வைத்து ருவாண்டா, கம்போடியா, ஹொண்டுராஸ் போன்ற நாடுகளில் தொழில்நுட்பவியலாளர்களைப் பயிற்றினார்கள். வானளாவிய கட்டடம் தேவைப்படாத வேலை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்த 107இல் ஒரு பங்கை ஏற்கெனவே வீட்டு முற்றத்தில் கற்றவர்கள்.

நமக்குப் பக்கத்தில்

இலங்கையில் சுகாதார அமைச்சின் உயிர்மருத்துவப் பொறியியல் சேவைகள் பிரிவு கொழும்பில் இருக்கிறது. பெரிய கருவிகளின் முகவர்களும் பெரும்பாலும் கொழும்பில்தான். நமக்கும் கொழும்புக்கும் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். யாழ். போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ், ஆதார வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ் என்று நிர்வாகமும் இரண்டாகப் பிரிகிறது. சின்ன வைத்தியசாலையில் ஒரு சின்னப் பழுது வந்தால், அதைக் கேட்க ஒரு தொலைபேசி இலக்கமே பெரிய விடயம். 2022இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி, இறக்குமதிக்கான வங்கி உத்தரவாதமான நாணயக் கடிதம் திறக்க முடியாமல் இருந்த மாதங்களில், வெளியிலிருந்து வரும் உதிரிப்பாகத்தை நம்பியிருந்தவர்கள் தவித்தார்கள். நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்த காலம் அது.

தூரத்திலிருந்து எழுதும் விபரக்குறிப்பில் விடுபடுவது ஹேர்ட்ஸ் மட்டும் இல்லை. நம் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வருவது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளையை இங்கே தெரியாத வீடில்லை. அதே தண்ணீர் கிருமியழிக்கும் ஓட்டோகிளேவுக்குள் போனால், சூடாக்கும் கம்பியில் தடித்த ஓடாகப் படிந்து கம்பியை எரித்துவிடும். கம்பியை மாற்றிக்கொண்டே இருக்கலாம். அல்லது வாங்கும்போதே தண்ணீரை மென்மையாக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து எழுதலாம். பின்னதை எழுத, இந்தக் கேத்திலைப் பார்த்த ஒருவர் கொள்வனவுக் குழுவில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆட்களை உருவாக்க இடம் இல்லையா? மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவப் பொறியியல் பட்டம் இருக்கிறது. நமக்குப் பக்கத்தில், கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அதே அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் 2016 முதல் தொழிற்கல்வி கொடுக்கிறது. பொறியியலாளரும் தொழில்நுட்பவியலாளரும் ஒரே வளவில் கிடைக்கும் இடம் அது. வைத்தியசாலைகளில் கழித்து ஒதுக்கிய கருவிகளைக் கொண்டு அங்கே ஒரு பயிற்சிக் கூடம் தொடங்கினால், மாகாணத்துக்கு ஒரு திருத்தகமும் அளவீட்டு நிலையமும் அதோடு சேர்ந்து வளரும் என்று நம்புகிறேன். ஆனால் பயிற்சி மட்டும் போதாது. படித்து வருபவருக்கு வைத்தியசாலையில் ஒரு பதவி, அந்தப் பதவிக்கு ஒரு பெயர், கொள்வனவுக் குழுவில் ஒரு கதிரை, ஒரு சிறிய வரவு செலவு. வாங்கும் விலையில் ஆண்டுக்கு 5 முதல் 10 வீதம் பராமரிப்புக்கு வைப்பது இந்தத் துறையில் வழக்கமான கணக்கு. இவை இல்லாவிட்டால் கற்ற பிள்ளை கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடும். போவதைப் பிழை சொல்ல எனக்கு வாய் வராது.

பிறகு செய்தவை

7 இயந்திரங்களையும் அளந்தோம். 4 இயந்திரங்கள் 2 லீற்றர்வரை நம்பத்தக்கவை. குறைந்த ஓட்டம் போதுமான நோயாளிகளுக்கு அவை போகின்றன. ஓட்டம் காட்டும் குழாயில் 2க்கு நேரே சிவப்பு ரேப் ஒட்டி, “இதற்கு மேல் வேண்டுமானால் சிலிண்டர்” என்று தமிழில் எழுதினேன். ஒன்று ஏற்கெனவே மோட்டர் எரிந்தது. மற்ற இரண்டும் களஞ்சியத்தில் ஒரு மாரி முழுக்கக் கிடந்தவை. சியோலைற் ஈரத்தை இழுத்தால் நைதரசனைப் பிடிக்கும் வலு போய்விடும்; அவை 1 லீற்றரில்கூடத் தேறவில்லை. ட்ரான்ஸ்போமருக்குப் பதிலாக 60 ஹேர்ட்ஸ் கொடுக்கும் இன்வேர்ட்டர் வைப்பதைப் பற்றியும் பேசினோம். அதற்கு ஆகும் காசில் நமக்கேற்ற 50 ஹேர்ட்ஸ் இயந்திரம் ஒன்றை வாங்குவது புத்தி என்று முடிவானது.

ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒரு கொப்பி தொங்குகிறது. ஓடிய மணித்தியாலம், வடிகட்டி கழுவிய நாள், அளந்த வீதம், அளந்தவரின் கையெழுத்து. தமிழில்தான். ஆங்கிலத்தில் இருந்தால் நல்லது என்று ஒருவர் சொன்னார். வடிகட்டியைக் கழுவுபவரும் ஓட்டத்தைத் திருப்புபவரும் வாசிக்க வேண்டிய கொப்பி அது. 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த மண் இது. ஒரு பராமரிப்புக் கொப்பி தமிழில் இருக்கக்கூடாதா?

ரொறன்ரோவில் இருக்கும் சங்கத்து அண்ணையோடும் வட்ஸ்அப்பில் பேசினேன். நடந்ததைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லாமல் விடவும் முடியவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “தம்பி, நாங்கள் என்ன வேணுமெண்டுதான் கேட்டனாங்கள். கரண்டைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லையே” என்றார். அவர் சொன்னது சரி. சொல்ல வேண்டிய கதிரையில் அன்று யாரும் இருக்கவில்லை.

அதன்பிறகு ஒரு பக்கத்தில் ஒரு படிவம் தயாரித்தோம். விபரத் தகட்டின் படம் ஒன்று, கைநூல், ஓராண்டுக்கு வேண்டிய வடிகட்டிகள், இலங்கையில் முகவர் இருக்கிறாரா, அளக்கும் கருவி சேர்ந்து வருமா. இவற்றுக்குப் பதில் வந்து, நான் கையெழுத்து வைத்த பிறகுதான் பொருளை ஏற்பதாகப் பணிப்பாளர் ஒப்புக்கொண்டார். அண்ணை அடுத்ததாக அனுப்ப இருந்தது ஓர் உறிஞ்சும் கருவி. கடையில் நின்றபடியே அதன் தகட்டைப் படமெடுத்து அனுப்பினார். 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். வேண்டாம் என்றேன். அவர் அந்தக் காசை இங்கே அனுப்ப, கொழும்பு முகவரிடம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் கருவி ஒன்றும், கூடவே ஒட்சிசன் அளக்கும் கருவி ஒன்றும் வாங்கினோம்.

அந்த அளவீட்டுக் கருவியின் உணரிக்கு ஆயுள் இரண்டு ஆண்டளவுதான். பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் அது தேய்ந்துகொண்டே போகும். அது போனால் நாங்கள் மறுபடியும் மஞ்சளையும் பச்சையையும் பார்த்து நம்ப வேண்டிய இடத்துக்கே வந்துவிடுவோம். புது உணரி வாங்கும் கோரிக்கைக் கடிதம் ஒரு தடவை திரும்பி வந்தது. எந்தச் செலவுத் தலைப்பில் போடுவது என்று கேட்டிருந்தார்கள். காரணத்தை விளக்கி இரண்டு பக்கம் எழுதி, கொப்பிகளில் இருந்த அளவுகளையும் பிரதியெடுத்து இணைத்து, போன கிழமை திரும்பக் கொடுத்திருக்கிறேன்.